கையெழுத்துப் போட்ட பிறகு "இது நான் கேட்டது இல்லையே" என்கிறார்கள்

9 செப்டம்பர் 2025, மாலை 6.05 (கேள்வி, கோலாலம்பூர் வாசகர் ஒருவர்)

பங்சார் சவுத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருஷமாக பிஸ்னஸ் அனலிஸ்டாக (வாடிக்கையாளரின் தேவைகளைக் கேட்டு எழுதித் தரும் வேலை) இருக்கிறேன். ஒரு மொத்த வியாபாரிக்கு ஸ்டாக் சிஸ்டம் செய்தோம். ஐந்து மீட்டிங், 64 பக்க ரிக்வயர்மெண்ட் டாக்குமெண்ட், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. ஆறு மாதம் கழித்து டெமோ காட்டினால் "இது நான் கேட்டது இல்லையே" என்கிறார். என் மேனேஜர் சொல்வது இதுதான்: வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாது, கையெழுத்தை விடாதே, மாற்றம் கேட்டால் காசு கேள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

9 செப்டம்பர், இரவு 11.20 (பதில், பினாங்கு வாசகர் ஒருவர்)

மாற்றத்துக்குக் காசு கேட்பதில் தப்பே இல்லை, உழைப்புக்குக் கூலி வேண்டும். "அவருக்கே தெரியாது" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பினாங்கில் 18 வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். தன் கடையைத் தெரியாத கடைக்காரரை இன்னும் பார்க்கவில்லை.

2009-ல் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. சுற்றிலும் தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகள். கடனுக்குச் சாமான் வாங்கும் வீடுகள் மட்டும் முந்நூறுக்கு மேல். எல்லாக் கணக்கும் 555 நோட்டில். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டைத் தெரியாதவர் நம் நாட்டில் இருக்க மாட்டார்கள். முதலாளியின் மகன் கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்து, இதையெல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்றார். நான் இருந்த நிறுவனத்துக்கு வேலை வந்தது.

மூன்று மீட்டிங், கடையின் மேல்மாடியில், ஏர்கோன் அறையில். மகன் ஆங்கிலத்தில் பேசினார், முதலாளி தலையாட்டிக்கொண்டு இருந்தார். வாடிக்கையாளர் பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், கடன் வரம்பு, 30 நாள் தவணை, தவணை தாண்டினால் நினைவூட்டல் கடிதம். எல்லாம் எழுதினேன், கையெழுத்து வாங்கினேன், நான்கு மாதத்தில் முடித்துக் கொடுத்தோம். கீழே கல்லாவில் உட்கார்ந்து இருபது வருஷமாக அந்த நோட்டுகளை எழுதிவந்த அக்காவை யாரும் மேலே கூப்பிடவில்லை.

மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் போய்ப் பார்த்தால் கணினித் திரைக்கு மேல் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் பிரிக்காத 555 நோட்டுக் கட்டு ஒன்று.

கையெழுத்து என்னிடம் பத்திரமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த அக்காவிடம் நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

10 செப்டம்பர், காலை 7.50

நேற்று எழுதியதில் ஒரு பிழை. அக்காவைக் கூப்பிடவில்லை என்று எழுதிவிட்டேன். காலையில் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது மீட்டிங்கில் அவர் வந்திருக்கிறார். பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார் போல. அவர் சொன்னதாக ஒரே ஒரு வரி இருக்கிறது: "மாசக் கடைசியில வேற மாதிரி." பக்கத்தில் நானே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த வரி மகன் சொன்ன ரிப்போர்ட் வடிவம்.

அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் என்ன என்று குறிப்பேட்டில் எங்கேயும் இல்லை. நான் கேட்கவே இல்லை. 16 வருஷம் கழித்து அதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

11 செப்டம்பர், இரவு 9.30

அந்த நோட்டுகளில் அப்படி என்னதான் இருந்தது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், ஏனென்றால் பதில் அங்கேதான் இருந்தது.

சிஸ்டம் படுத்த பிறகு ஒரு மத்தியானம் முழுக்க அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டுகளைப் புரட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அட்டைகளில் ஆள் பெயரே இல்லை. "பச்சை கேட் வீடு", "மூணாம் மாடி டெய்லர்", "பஸ் டிரைவர் சம்சாரம்", "பேரப்பிள்ளை ஆச்சி." நாங்களோ முழுப் பெயரும் ஐ.சி. எண்ணும் இல்லாமல் பதிவு செய்ய முடியாதபடி வைத்திருந்தோம். பத்து வருஷமாக வாங்கும் வீட்டாரிடம் போய் ஐ.சி. கேட்டால் அவர்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அக்கா யாரிடமும் கேட்கவில்லை. தன் சொந்த எண்ணையே போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டாவது வீட்டிலேயே சிஸ்டம் மறுத்துவிட்டது.

30 நாள் தவணை என்று மகன் சொன்னாரே, நோட்டில் ஒரு வீடுகூட 30 நாளில் கட்டியதாக இல்லை. ஒரு தொழிற்சாலையில் 28-ஆம் தேதி சம்பளம். இன்னொன்றில் மறுமாதம் 5. வேறொன்றில் 7. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்தால் போதும் என்பதுதான் சட்டம், அதனால் ஒவ்வொரு நிர்வாகமும் தன் வசதிப்படி கொடுத்தது. எந்த வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார், அங்கே என்றைக்குச் சம்பளம் என்பது அக்காவுக்கு மனப்பாடம். எங்கள் சிஸ்டமோ 31-ஆம் நாள் எல்லா வீட்டுக்கும் நினைவூட்டல் கடிதம் அச்சடித்துத் தள்ளியது. ஒரு கடிதம்கூட கடையை விட்டுப் போகவில்லை, அக்கா விடவில்லை.

சில பக்கங்களில் தொகை மேல் குறுக்காக ஒரு கோடு இருந்தது. பணம் வந்ததற்கு அடையாளம் இல்லை. என்னக்கா இது என்றேன். "அந்த வீட்டுல சாவு தம்பி" என்றார். முதலாளி சொல்லி அடித்த கோடு. மகனுக்கே அது தெரியாது.

பல நோட்டுகளில் முன்பக்கங்கள் இல்லை. பழசாகி உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

11 செப்டம்பர், இரவு 10.15

சொல்ல விட்டது. இரண்டாவது முறை செய்தபோது கடனைத் தள்ளுபடி செய்ய ஒரு பட்டன் வைத்தோம். கணக்கியல் முறைப்படி காரணம் எழுதாமல் தள்ளுபடி ஆகாது என்று வைத்தோம். முதலாளி அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்தார். "காரணம் எழுத மாட்டேன். எழுதி வச்சா அந்த வீட்டுப் பிள்ளைங்க நாளைக்கு இங்க வேலைக்கு வந்தா அதப் படிக்கும்." காரணக் கட்டத்தை எடுத்துவிட்டோம். எந்தப் பாடத்திலும் இந்த ரிக்வயர்மெண்டை நான் படித்ததில்லை.

14 செப்டம்பர், காலை 11.00

மொழி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: தமிழ் வாடிக்கையாளரிடம் தமிழில் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று.

நிறைய சரியாகும். ஆங்கிலத்தில் "உங்கள் ரிட்டன் பிராசஸ் என்ன" என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் வரும், அதுவும் எங்கேயோ படித்த மாதிரி இருக்கும். "போன வாரம் சாமான் திரும்பி வந்துச்சே, என்ன பண்ணீங்க அண்ணே?" என்று கேட்டால் கதை வரும். லோரி டிரைவர் யார், எந்தக் கடை எப்போதும் திருப்பி அனுப்பும், யார் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கும்.

ஆனால் தமிழும் நம்மைக் கவிழ்க்கும். பினாங்கின் பட்டர்வொர்த்திலும் கெடாவின் சுங்கை பட்டாணியிலும் டிப்போ வைத்திருக்கும் ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்குச் சம்பள சிஸ்டம் செய்தோம். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "லீவு நாள்ல வேலை செஞ்சா டபுள்." நான் எழுதிக்கொண்டேன். அவர் வாயில் லீவு என்றால் நான்கு பொருள் என்பது பிறகுதான் புரிந்தது. வார ஓய்வு நாள் லீவு. அதற்கு முந்தைய அல்லது பிந்தைய ஆஃப் டேயும் (வாரத்தில் வேலை இல்லாத இன்னொரு நாள்) லீவு. தீபாவளி, தேசிய தினம் மாதிரிப் பொது விடுமுறையும் லீவு. ஆண்டு விடுப்பு எடுத்தவனைக் கூப்பிட்டு வேலை வாங்கினால் அதுவும் லீவு. ஓவர்டைம் கணக்கில் ஆஃப் டே என்பது சாதாரண நாள் மாதிரி ஒன்றரை மடங்கு, ஓய்வு நாள் இரண்டு மடங்கு, பொது விடுமுறை மூன்று மடங்கு. ஒரு சொல்லுக்குள் மூன்று விகிதம்.

அதோடு கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. ஒரே டிரைவர் இரண்டு டிப்போவுக்கும் ஓட்டுவார். அவருக்கு எது ஓய்வு நாள்? மாநிலத்தை வைத்து முடிவு செய்யும்படி எழுதியிருந்தோம். உண்மையில் அது ஆளை வைத்து, டூட்டி அட்டவணையை வைத்து முடிவாகும். முதல் மாதம் பதினொரு பேருக்குச் சம்பளம் தப்பாகப் போனது. அதில் ஒருவர் அந்த மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர். அலுவலக வாசலில் நின்று என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

14 செப்டம்பர், மதியம் 12.10

மேலே எழுதியதை ஒட்டி. சம்பள சிஸ்டம் சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைப் பாருங்கள். அங்கே சுகாதாரத் துறையின் புதுச் சம்பள மென்பொருள் 2010 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. தாதியர் உட்பட ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கூடவோ குறையவோ போனது, சிலருக்கு வரவே இல்லை. 2013-ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை மொத்தச் செலவை 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று கணித்தது. என்ன தேவை என்பதைச் சரியாக வரையறுக்காமலே வேலையில் இறங்கியது அறிக்கை சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. ஷிப்ட், அலவன்ஸ், ஓவர்டைம் என்று வார்டுக்கு வார்டு மாறும் விதிகள். அவை எல்லாம் சம்பளம் போடுகிறவர் தலைக்குள் இருக்கும் சரக்கு.

17 செப்டம்பர், இரவு 8.45

"ஜோகூரிலும் வெள்ளி, சனிதானே விடுமுறை" என்று ஒருவர். 2025 ஜனவரி 1 முதல் ஜோகூர் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதனால்தான் விடுமுறை நாட்களை நிரலுக்குள் எழுதாதீர்கள், வெளியே பட்டியலாக வையுங்கள், பயனரே மாற்றட்டும் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். வரியும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. 2015 ஏப்ரல் 1-ல் 6 விழுக்காடாக வந்தது, 2018 ஜூன் 1-ல் பூஜ்ஜியமானது, செப்டம்பர் 1-ல் எஸ்.எஸ்.டி. (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்தது. அந்த மூன்று மாத இடைவெளியில் எத்தனை கடைகளில் பில் அடிக்க முடியாமல் நின்றார்கள் என்று அப்போது வேலையில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

18 செப்டம்பர், காலை 8.20

"கேன், கேன்." இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீட்டிங்கில் திரையைக் காட்டி "இப்படி வரலாமா பாஸ்?" என்று கேட்டால் "கேன், கேன்" அல்லது மலாயில் "போலே, போலே" (முடியும், முடியும்) என்பார்கள். ஆரம்பத்தில் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அதற்குப் பொருள் "நீ சொல்வது காதில் விழுந்தது" என்பதுதான். சில நேரம் "எனக்கு வேலை இருக்கிறது, முடி" என்றும் பொருள். இப்போதெல்லாம் அதோடு நிறுத்துவதில்லை. "சரிண்ணே, நாளைக்குக் காலையில முதல் ஆள் வராரு, நீங்களே இதுல பில் போட்டுக் காட்டுங்க" என்பேன். விரல் எங்கே போய் நிற்கிறதோ அங்கே உண்மை வரும்.

18 செப்டம்பர், இரவு 10.05

பெயர் விஷயம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், தலைப்பை விட்டு விலகினாலும் பரவாயில்லை. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. சொந்தப் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். வெளிநாட்டு வார்ப்பில் செய்த சிஸ்டம் "கடைசிப் பெயர் கட்டாயம்" என்று நிற்கும். ஒரு மருந்தகப் பதிவில் ஒரே அம்மா மூன்று ஆளாக இருந்தார்: ஒரு குமாஸ்தா கடைசிப் பெயராக அப்பா பெயரைப் போட்டார், இன்னொருவர் "ஏ/பி" என்பதையே போட்டார், மூன்றாமவர் வெறும் புள்ளி வைத்தார். அந்தச் சாய்கோடு வேறு சில இடங்களில் கோப்புப் பெயரையே உடைத்துவிடும். அந்த அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது மூன்றில் ஒரு பதிவில் மட்டும் இருந்தது. நல்லவேளை, தாதி அவரை நேரில் அறிந்தவர். பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், ஐ.சி.யில் உள்ளபடி எழுதட்டும். எவ்வளவு சொன்னாலும் இது இன்னும் தொடர்கிறது, அதுதான் வருத்தம்.

2 அக்டோபர், இரவு 9.00

இரண்டு வாரம் எழுத முடியவில்லை, இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும் பில்) வேலை கழுத்தை நெரிக்கிறது. ஆண்டு விற்பனை 5 மில்லியனுக்கு மேல் 25 மில்லியன் ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு ஜூலை 1 முதல் கட்டாயம் ஆனது. ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் பக்கம் ஒரு மசாலா மொத்த வியாபாரி. அவர் சொன்ன ரிக்வயர்மெண்ட் ஒரே வரி: "பில் அடிச்சதும் எல்.எச்.டி.என்.-க்குப் போயிரணும்." அதாவது வருமான வரி வாரியத்துக்கு.

போகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். இ-இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்ட பிறகு 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். அதற்கு மேல் போனால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட வேண்டும். இவருடைய லோரி டி.ஓ.வோடு (சாமானை ஒப்படைக்கும் சீட்டு) கெடா, பெர்லிஸ் என்று சுற்றிவிட்டு வாரக் கடைசியில் திரும்பும். ஈரம் பட்ட மிளகாய் மூட்டை, உடைந்த ஏலக்காய்ப் பெட்டி, கடைக்காரர் வேண்டாம் என்றது, எல்லாம் டி.ஓ.வின் பின்பக்கத்தில் டிரைவரின் பேனாவில் இருக்கும். இத்தனை வருஷமாக என்ன செய்தார்கள்? பழைய பில்லைக் கிழித்துவிட்டு அதே எண்ணில் புது பில். யாரும் அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. நான் டிரைவரோடு டீ குடிக்கும்போது கையில் இருந்த டி.ஓ.வைத் திருப்பிப் பார்த்ததால் தெரிந்தது.

முடிவில், லோரி திரும்பும்வரை டி.ஓ. மட்டும், திரும்பிய பிறகு இன்வாய்ஸ் என்று வேலை வரிசையையே மாற்றினோம். முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை, பணம் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றார். தூரத்துக் கடைகளுக்கு மட்டும் இப்படி, உள்ளூர்க் கடைகளுக்கு அன்றைக்கே என்று பேசி முடித்தோம்.

இந்தக் கடையில்தான் கட்டி என்ற பழைய எடை அளவும் இருக்கிறது. 1972-லேயே எடை அளவைச் சட்டம் வந்து நாடு படிப்படியாகக் கிலோவுக்கு மாறியது. ஆனாலும் வயதானவர்கள் இன்னும் "பத்து கட்டி மல்லி" என்றுதான் போனில் கேட்கிறார்கள். ஒரு கட்டி கணக்குப்படி 604.79 கிராம், கடைப் பேச்சில் 600. நூறு கட்டிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ வித்தியாசம். எதை வைப்பது என்று கேட்டேன். "நாங்க குடுக்கறது அறுநூறுதான், வாங்கறவருக்கும் தெரியும்" என்றார் கடைப் பையன். 600 என்று எழுதி, பக்கத்தில் அவர் சொன்னதையும் அப்படியே எழுதி வைத்தேன். நாளைக்கு வேறு ஆள் வந்து இதைப் பிழை என்று திருத்திவிடக் கூடாது.

3 அக்டோபர், காலை 7.30

"அதே எண்ணில் புது பில்" என்று எழுதியது எல்லா பில்லுக்கும் இல்லை, சின்னத் தொகைக்கு மட்டும். பெரிய தொகைக்கு அவர்கள் முன்பே கிரெடிட் நோட் போட்டிருக்கிறார்கள். கணக்கு எழுதும் அக்காவிடம் இன்று காலை கேட்டுச் சரிபார்த்தேன். அவசரத்தில் அவர்களைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

18 அக்டோபர், நள்ளிரவு 12.40

தீபாவளிக்கு இரண்டு நாள். இன்று பகல் முழுக்க அந்த மசாலாக் கடையின் சில்லறைப் பகுதியில் நின்றேன். கூட்டம் ரோட்டுவரை. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானே போனேன். சாதாரண நாளில் பத்து முறை பார்த்த இடம்தான்.

நாங்கள் ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லாகின் கொடுத்திருந்தோம். இன்று ஐந்து பேரும் ஒரே லாகினில். மாற்றிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? அதைவிடப் பெரியது: மல்லி நூறு கிராம், சோம்பு ஐம்பது கிராம் என்று சின்னதாக வாங்குகிறவர்களுக்குத் தனித் தனி பில் போடாமல் ஒரே பில்லைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாக் சரியாக இருக்கும், பணமும் சரியாக இருக்கும். ஆனால் அந்த நாளில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற ரிப்போர்ட் முழுக்கப் பொய். முதலாளி அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் எத்தனை ஆள் போடுவது என்று முடிவு செய்வார்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. ஒரு பில் முடிக்க நாங்கள் ஆறு இடத்தில் அழுத்தச் சொல்கிறோம். சில்லறைக்கு இரண்டு அழுத்தத்தில் முடிய வேண்டும். இதை ஏர்கோன் அறையில் ஒரு வருஷம் உட்கார்ந்து பேசினாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லத் தோன்றாது, ஏனென்றால் அன்றைக்கு அவர்கள் செய்தது சமாளிப்பு, சமாளிப்பை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை.

கால் வலிக்கிறது. முதலாளி கிளம்பும்போது கையில் முறுக்குப் பொட்டலம் திணித்தார்.

24 அக்டோபர், இரவு 8.30

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி அண்ணா, திங்கட்கிழமை நான் என்ன செய்வது? எனக்கு 64 பக்கம் கையில் இருக்கிறது, வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார், மேனேஜர் பிடிவாதமாக இருக்கிறார்."

64 பக்கத்தை மூடி வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போங்கள். போன மாதத்து உண்மையான பில் ஒரு இருபது கேளுங்கள், அதில் அடித்தல் திருத்தல் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். சுத்தமான பில்லில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஸ்டோர்கீப்பர் உங்களைவிட மூத்தவராக இருந்தால் அண்ணே என்று கூப்பிட்டு, அவர் வேலையைக் கெடுக்காமல் ஓரமாக நின்று, "கடைசியாக எப்போது கணக்கு இடித்தது, என்ன செய்து சரிக்கட்டினீர்கள்" என்று கேளுங்கள். "என்ன வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் ஆசையைச் சொல்வார்கள்.

அவர் முதலாளி முன்னால் ஒன்று சொல்வார், தனியாக இருக்கும்போது வேறு சொல்வார். இரண்டையும் எழுதுங்கள், ஆனால் தனியாகச் சொன்னதை அவர் பெயரோடு மீட்டிங்கில் போட்டு உடைக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து ஒருவருடைய வேலைக்கே ஆபத்து வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலையே, நீங்கள் புரிந்துகொண்டதைத் தமிழில் வாட்ஸ்அப் குரல் பதிவாக இரண்டு நிமிஷத்தில் சொல்லி அனுப்புங்கள். எழுத்தில் அனுப்பினால் "ஓகே" என்று வரும். குரலில் அனுப்பினால் "இல்ல தம்பி, அப்படி இல்ல" என்று வரும். அந்த "இல்ல தம்பி"தான் உங்களுக்கு வேண்டியது. அப்புறம் டாக்குமெண்ட் எழுதுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள். கையெழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத் தகராறு வந்தால் அது வேண்டும்.

மேனேஜரிடம் ஒன்று மட்டும் பேசிப் பாருங்கள்: அடுத்த வேலையில் தேவை அறியும் கட்டத்துக்குத் தனி விலை, தனி ஒப்பந்தம். ஒரு மாதச் சுழற்சி முழுக்க, மாதக் கடைசியும் சேர்த்து, கூடவே இருந்து பார்க்கிற மாதிரி. நாங்கள் 2014-லிருந்து அப்படித்தான் செய்கிறோம். வேண்டாம் என்று போனவர்களும் உண்டு.

27 அக்டோபர், காலை 9.10

ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: பெரிய வங்கி, தொழிற்சாலை வேலைகளில் இப்படிக் கடைக்கடையாக நின்றுகொண்டிருக்க முடியாது, ஆயிரம் பயனர்கள் இருப்பார்கள் என்று. நியாயம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு நான் செய்தது மொத்தம் மூன்றே வேலைகள்தான், அதனால் அடித்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த மூன்றிலும் ஆயிரம் பேரையும் பார்க்கத் தேவைப்படவில்லை. இரவு ஷிப்டில் ஒருவர், ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் ஒருவர், தப்பாகப் போனால் திருத்துகிறவர் ஒருவர். மூன்றாவது ஆள்தான் முக்கியம். அவர் மேசையில் எப்போதும் சொந்தமாக ஒரு எக்செல் கோப்பு இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

2 நவம்பர், இரவு 10.50

செப்டம்பரில் எழுதிய கேள்விக்குறி என்னை விடவில்லை. பிறைக் கடை 2016-ல் மூடிவிட்டது. முதலாளி காலமாகிவிட்டார். அக்கா இப்போது புக்கிட் மெர்தாஜமில் மகள் வீட்டில் இருப்பதாக மகன் சொல்லி எண் கொடுத்தார். இன்று கூப்பிட்டேன்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை நாங்கள் எல்லாவற்றையும் திருத்தினோம். ஐ.சி. எண்ணை எடுத்தோம், "பச்சை கேட் வீடு" என்றே பதிவு செய்யலாம் என்று வைத்தோம், வீட்டுக்கு ஒரு சம்பளத் தேதி வைத்தோம். சிஸ்டம் ஓடியது. ஆனால் அக்கா 555 நோட்டையும் விடவில்லை. கணினியிலும் ஏற்றுவார், நோட்டிலும் எழுதுவார், கடை மூடிய நாள்வரை. பழக்கத்தை விட முடியவில்லை என்று அப்போது நினைத்தேன், மற்றவர்களிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

இன்று கேட்டேன்: "அக்கா, அன்னைக்கு மாசக் கடைசியில வேற மாதிரின்னு சொன்னீங்களே, என்னக்கா அது?"

அவருக்கு அந்த மீட்டிங் நினைவில்லை. ஆனால் மாதக் கடைசி நன்றாக நினைவிருக்கிறது. "காசு கட்டினதும் அந்த மாசத்துத் தாள நோட்டுல இருந்து கிழிச்சு அவங்க கையில குடுத்துருவேன் தம்பி. சில பொம்பளைங்க கடையிலயே சுக்குநூறாக்கிப் போட்டுட்டுத்தான் போவாங்க. சில பேரு வீட்டுக்குக் கொண்டு போயி புருஷன்கிட்ட காட்டுவாங்க. அந்தத் தாளு கையில வந்தாத்தான் அவங்களுக்குக் கடன் போச்சு. நீங்க அடிச்சுக் குடுத்த ரசீத யாரும் வாங்கல. 'கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கும்ல அக்கா'ன்னு கேட்டாங்க. இருக்கும்தானே தம்பி?"

இருந்தது. ஏழு வருஷக் கணக்கும் இருந்தது. மகன் கேட்டபடி எதையும் அழிக்காமல் வைத்திருந்தோம்.

முன்பக்கங்கள் உதிர்ந்துவிட்டன என்று செப்டம்பர் 11-ல் எழுதினேனே, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவை கிழித்துக் கொடுக்கப்பட்டவை.

அக்கா மகளிடம் போனைக் கொடுப்பதற்கு முன், புக்கிட் மெர்தாஜம் பக்கம் வந்தால் சாப்பிட வரச் சொன்னார். சனிக்கிழமை போகிறேன்.